ஒரு உலை அரிசிக்கு நாலு பக்கம்

உலகத்திலேயே அதிகம் எழுதித் தள்ளியவர்கள் யார் என்று பட்டியல் போடுகிறவர்கள் ஒருவரும் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தாலும் வெறுங்கையோடுதான் போயிருப்பார்கள். நாங்கள் ஒன்றையும் காட்டியிருக்க மாட்டோம். அந்தப் பட்டியல்கள் இப்போதும் எப்போதாவது கைபேசியில் வந்து விழும். நான் மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பேன். இருக்காது என்று தெரிந்துகொண்டே ஒரு பெயரைத் தேடுவதிலும் ஒரு சுகம் இருக்கிறது.

அக்காவை நான் முதலில் கண்டது குளிர்காலக் கோட்டுகள் தைக்கும் ஒரு தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில். முப்பது வருடம் கடந்துவிட்டது. நான் கலியாணம் முடித்து மொன்றியலுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் கை பொருத்துகிற வேலை, எதிர் மெஷினில் அவருக்குக் கழுத்துக் கொலர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் அளவுநாடா, காதுக்கு மேல் செருகிய ஒரு நீலப் பேனை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதைச் சம்பளத் துண்டில் மட்டும்தான் காணலாம். அந்த மாடியில் எத்தனையோ அக்காமார் இருந்தும் அக்கா என்றால் அவர் ஒருவர்தான்.

அவர் நாவல் எழுதுவார். பத்திரிகைக்கு அல்ல, அச்சுக்கும் அல்ல. ஆளுக்கொரு நாவல். முறை வந்தவள் வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். என்ன வேணும் என்று கேட்பார். ஒன்றே ஒன்று சொல்லலாம். இரண்டாவதைத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். திங்கட்கிழமை தொடக்கம் தினமும் ஒரு அத்தியாயம் வரும். முடிந்ததும் எழுதிய நோட்டுக் கொப்பி கேட்டவளுக்கே சொந்தம். அவர் படி எடுப்பதில்லை, தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. முன்னட்டையின் உட்பக்க மூலையில் ஒரு எண்ணை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். ஊரில் இருந்தபோதே தொடங்கிவிட்ட எண்ணாம் அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நூற்றிருபதைத் தாண்டியிருந்தது.

கேட்டவைகள் பலவிதம். ஒருத்திக்கு ஜெர்மனியில் தனித்துப்போன தம்பிக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடக்க வேண்டும். இன்னொருத்தியைப் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனவன், ஒருநாள் அவள் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டு நிற்க வேண்டும். மூன்றாமவள், தன் மாமியார் கிணற்றில் விழ வேண்டும் என்றாள். அக்கா கண் சிமிட்டாமல் விழுத்தினார். அன்று மேசை முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடிந்ததும் அவளே அக்காவிடம் போய், "பாவம் அக்கா, மனிசியைத் தூக்கி விடுங்கோ," என்றாள். மறுநாள் அத்தியாயத்தில் மாமியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். அக்காவின் குணம் அது. வாசிக்கிறவளின் முகம் வாடினால் அவருக்குப் பொறுக்காது. கேட்டால் செத்தவர்களையும் எழுப்பிவிடுவார்.

எப்போது எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "உலை வைச்சிட்டு," என்றார். அவருடைய கணக்கெல்லாம் அடுப்புக் கணக்கு. "ஒரு உலை அரிசிக்கு நாலு பக்கம், பிள்ளை. பருப்பெண்டால் ஆறு. ஆட்டிறைச்சி அவியிறதுக்குள்ளை ஒரு அத்தியாயம் முடிஞ்சிடும்." அந்த வீட்டில் கிழமைக்கு மூன்று நாள் ஆட்டிறைச்சி சமைத்தது ருசிக்காக அல்ல என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அக்காவின் கணவருக்குக் கொலஸ்ட்ரோல் வந்ததற்கு இலக்கியம்தான் காரணம் என்று ஒருத்தி சொல்ல, அக்கா அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

எழுதியதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. நாயகிக்கு மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெயர், எட்டாம் அத்தியாயத்தில் வேறு பெயர். ஐந்தாம் அத்தியாயத்தில் செத்து, எரித்தும் முடிந்த பெரியப்பா ஒன்பதாம் அத்தியாயத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். நாங்கள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தோம். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அண்டைக்கு எரிச்சது அவரை இல்லை," என்றார். அந்த ஒரு வசனத்தைக் காப்பாற்ற அடுத்த நாள் பத்துப் பக்கம் எழுத வேண்டி வந்தது. எழுதிக்கொண்டு வந்தார்.

தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கிற வாரப் பேப்பர் ஒன்றில், உலகத்தில் மிக அதிகமாக எழுதியவர்களைப் பற்றிப் படங்களோடு அரைப் பக்கம் வந்திருந்தது. ஸ்பானிய மொழியில் ஆயிரக்கணக்கில் காதல் கதை எழுதிய ஒரு அம்மையார், புனைபெயர்களுக்குள் ஒளிந்துகொண்டு எழுதித் தள்ளிய ஒரு பிரேசில்காரர், தான் சொல்லச் சொல்ல வேறொருவரை எழுத வைத்த ஒரு சீமாட்டி. அக்கா அதை வெட்டித் தன் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டினார். ஒவ்வொரு நாவல் முடியும்போதும், பட்டியலின் கடைசியில் நிற்கிறவரைப் பிடிக்க இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்கு அறிவிப்பார். அந்தச் சீமாட்டியில் அவருக்குத் தனிக் கோபம். "அவவுக்கு எழுத ஒரு ஆள், சமைக்க ஒரு ஆள். எனக்குக் கொலரும் கிடக்கு, உலையும் கிடக்கு. ஒரு கிழமைக்கு இந்தக் கதிரையிலை வந்து இருந்து பாக்கட்டும்."

எங்களை மேற்பார்வை செய்த இத்தாலிய அம்மா ஒருநாள் அந்தக் கடதாசியைக் கண்டு, இவர்கள் யார் என்று விசாரித்தார். அக்கா தனக்குத் தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொற்களை வைத்து, என் தொழில் செய்கிறவர்கள் என்று சொன்னார். அந்த அம்மா படங்களை உற்றுப் பார்த்துவிட்டு, நல்ல தையல்காரர்களோ என்று கேட்டார். அக்கா தலையாட்டிவிட்டார்.

என் முறை ஒரு தை மாதத்தில் வந்தது.

அதற்குக் கொஞ்சம் முதல் நான் ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு தரம் கையில் தந்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள். என் கணவர் நல்ல மனிதர். வாங்கி வைத்திருந்த சின்னச் சட்டைகளை எனக்குத் தெரியாமல் எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, இனி அதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றார். அவருக்கும் தாங்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது, அப்போது விளங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கதை எழவேயில்லை. மூன்றாம் கிழமை வேலைக்குத் திரும்பினேன். எல்லோரும் என்னோடு குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். அது எனக்குக் கொடுமையாக இருந்தது. அக்கா மட்டும் வழக்கம்போல, இரண்டு கோட்டுக்குக் கை கோணிப்போய்விட்டது, பிரித்துத் தை என்றார். வெள்ளிக்கிழமை தானாகவே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உனக்கு என்ன வேணும்?"

"ஒரு பிள்ளை வளர வேணும்," என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையோ?"

"ஓம்."

"பேர்?"

வைக்கவில்லை என்று தலையை ஆட்டினேன். "சரி, அதை நான் பாக்கிறன்," என்று சொல்லிவிட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து முட்டைப் பொரியலில் பாதியை என் சோற்றில் வைத்தார்.

மற்றவர்களுக்கு ஒரு கொப்பி, மிஞ்சினால் இரண்டு. எனக்கு ஏழு கொப்பி எழுதினார். பிள்ளைக்கு ஆரணி என்று பெயர் வைத்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் முதல் பனி விழுந்த அன்று ஆரணிக்கு முதல் பல் முளைத்தது. தாய் வேலைக்குப் போகிற நேரத்தில் அவளைக் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டார்கள். அங்கே மற்றப் பிள்ளைகளின் விசுக்கோத்தையும் வாங்கிச் சாப்பிட்டாள். கோயிலில் திருநீறு தந்த ஐயருக்குப் பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொன்னாள். கன்னம் பழுக்கிற காய்ச்சல் ஒன்று வந்து, நாலு நாள் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டு மாறியது. ஒருநாள் அக்காடி மெட்ரோவில் சிவப்புக் கையுறை ஒன்றைத் தொலைத்துவிட்டு அழுதாள்.

அந்த அத்தியாயம் வந்த அன்று பின்னேரம் நான் அக்காடி மெட்ரோவில் இறங்கி, ஆட்கள் இருக்கிற வாங்குக்குக் கீழே குனிந்து பார்த்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அங்கே ஒன்றும் இருக்காது என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

என் கொப்பிகள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. அப்படி மேசைக்கு வராத கொப்பிகள் வேறும் இருந்தன; அவற்றில் என்ன இருந்தது என்று ஒருத்தியை ஒருத்தி கேட்பதில்லை. அது எங்களுக்குள் ஒரு மரியாதை.

ஏழாம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஆரணி மஞ்சள் பள்ளி பஸ்ஸில் ஏறினாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் இருந்துவிட்டாள். அதன் கீழே முற்றும் என்று போட்டிருந்தது. நான் அக்காவிடம் போய், இன்னும் எழுதுங்கோ என்று கேட்டேன். மாட்டேன் என்றார். கெஞ்சினேன். கேட்டவர்களுக்கெல்லாம் செத்தவர்களை எழுப்பிக் கொடுத்த மனிசி, எனக்கு மட்டும் இறங்கி வரவில்லை.

"இனி அவள் பள்ளிக்கூடம் போறாள்," என்றார். "நீ உன்ரை வேலையைப் பார்."

ஒரு மாதம் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கொப்பிகளை ஒரு பழைய ரைஸ் குக்கர் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். அடுத்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனபோது அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்து கைகளை நீட்டி வாங்கினார். "நல்ல பாரம்," என்று மட்டும் சொன்னார். எங்கள் கோபம் அன்றோடு போயிற்று.

சில வருடத்தில் தையல் வேலையெல்லாம் வேறு நாடுகளுக்குப் போக, தொழிற்சாலையைப் பூட்டினார்கள். நாங்கள் மேற்குப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கினோம். அக்கா, குளியலறையை அரை என்று எண்ணுகிற அந்தப் பழைய நாலரை அறை வீட்டிலேயே இருந்தார், எழுதிக்கொண்டும் இருந்தார். திருவிழாவில் கண்டால் கையைப் பிடித்துக் கதைப்போம். பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. காரணம் ஒன்றும் இல்லை, என் சோம்பல்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் கோயிலில் ஒருத்தி சொல்லித்தான் அக்கா ரொக்ஸ்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், டிமென்ஷியா என்கிற மறதி வருத்தம் என்று அறிந்தேன். என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். போய்ப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சின்னப் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர் யார், எந்த நாடு, என்ன தொழில் செய்தவர், எது விருப்பம் என்று வேலை செய்கிறவர்கள் அறிவதற்காக. அக்காவின் பலகையில் இலங்கை என்றும், தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி என்றும், தொழில் தையல்காரி என்றும் பிரெஞ்சில் எழுதியிருந்தது.

அக்கா யன்னலைப் பார்த்தபடி இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டார், ஆனால் கதைக்கவில்லை. பக்கத்தில் மகன் இருந்தான். நாற்பதை எட்டாத வயது. தினமும் வேலை முடிந்து வந்து, தாயின் நகத்தை வெட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போகிற பிள்ளை. தமிழ் நன்றாகக் கதைப்பான், வாசிக்கத் தெரியாது. அவன்தான் என்ன நடந்தது என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். வந்த புதிதில் அக்கா தாதிமார், துப்புரவு செய்கிறவர்கள், பக்கத்து அறைக் கிழவர் என்று எல்லோரிடமும் தான் நானூறு நாவல் எழுதியவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இந்த வருத்தத்தில் நடக்காதவையும் நடந்ததாகத் தோன்றும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயதில் அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் எழுதுவதை அவன் கண்டிருக்கிறான். ஊருக்குக் கடிதம் எழுதுகிறா என்று நினைத்தானாம். வீட்டைக் காலி பண்ணியபோது மூலை முடுக்கெல்லாம் தேடியிருக்கிறான்.

"ஒரு பக்கம்கூட இல்லை, அன்ரி," என்றான். "நீங்கள் புத்தகம் எழுதேல்லை அம்மா, கோட்டுத் தைச்சனீங்கள் எண்டு சொன்னன். ஆக்கள் சிரிக்கக்கூடாது எண்டுதான் சொன்னனான். அதுக்குப் பிறகு அவ கதைக்கிறதையே விட்டிட்டா."

எழுதியது உண்மை என்று நான் சொன்னேன். அவன் என்னை நோகடிக்காமல் சிரித்தான். அம்மாவின் சிநேகிதி அம்மாவுக்காகச் சொல்கிறா என்று அவன் எடுத்துக்கொண்டது தெரிந்தது. அப்படியென்றால் அவை எங்கே என்று கேட்டான். ஏழு கொப்பி என் வீட்டு நிலவறையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அவன் குடிக்கக் கோப்பி வாங்கப் போன நேரம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் எழுதினனானோ? இல்லாட்டிச் சும்மா நினைச்சனானோ?"

"எழுதினனீங்கள் அக்கா."

"அப்ப ஒண்டையாவது கொண்டுவந்து காட்டு."

பார்ப்போம் என்றேன். எங்கள் ஆட்கள் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்கும் தெரியும். கையை விட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

நான் செய்தது இதுதான்: என்னுடையதைக் கொடுக்காமல் தப்புவதற்காக மற்றவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் எந்தக் கொப்பி, என்ன கொப்பி என்றாள். பிறகு குரலை இறக்கி, இவர் வீட்டில் நிற்கிறார் என்றாள். இன்னொருத்தி எரித்துவிட்டதாகச் சொன்னாள். எரித்த நாளை இரண்டு தரம் கேட்டேன், இரண்டு விதமாகச் சொன்னாள். மாமியாரைக் கிணற்றில் விழுத்தியவள், அந்த மாமியாரை இருபது வருடம் தன் கையால் பார்த்து அனுப்பியவள். பிள்ளைகள் வாசித்தால் என்ன நினைக்கும் என்று அழுதாள். கடைசியாகப் பார்க் எக்ஸ்டென்ஷனில் இன்னும் இருக்கிற ஒருத்தியைப் பிடித்தேன். அவள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ உன்ரை கொப்பியைக் குடுவன்," என்றாள்.

மூன்று கிழமை நிலவறையில் அந்த ரைஸ் குக்கர் பெட்டிக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்தேன். அந்த மூன்று கிழமையும் அக்கா ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்று மகன் சொன்னான். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு எனக்குப் பசியைத் திருப்பித் தந்த மனிசி அல்லவா அவர்.

கடைசியில் கொப்பிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள்தான் என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கினாள். பனி கொட்டினால் எனக்கு ஓட்டப் பயம். கீழே இருக்கச் சொன்னேன். நான் அறைக்குள் போய் முதலாம் கொப்பியைக் கையில் எடுக்கவும், அவள் எல்லோருக்கும் குடிக்கக் கோப்பி வாங்கிக்கொண்டு மேலே வரவும் சரியாக இருந்தது. எனக்குப் பிறந்து வளர்ந்த ஒரே பிள்ளை, அவளுக்கு முன் ஒருத்தி இருந்தாள் என்று தெரியாத பிள்ளை. கொப்பியைப் பைக்குள் திருப்பி வைக்கலாம். அக்காவின் கண் கொப்பியில் இருந்தது.

கொப்பியை முதலில் அங்கே இருந்த அக்காவின் மகனிடம் கொடுத்தேன். அட்டையை அவன் நெடுநேரம் பார்த்தான். அதில் பெயர் எழுதுகிற கோட்டில், பென்சிலில், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில், அவனுடைய பெயரே இருந்தது. அக்கா அன்று கையில் அகப்பட்ட கொப்பியை எடுத்திருக்கிறார். அட்டையைத் திறந்தால் மூலையில் நீல மையில் 143 என்று இருந்தது.

"நாலுக்கு இப்பிடி வால் போடுறது அம்மாதான்," என்றான். பிறகு, "இந்தக் கொப்பியைத் துலைச்சதெண்டு என்னை வகுப்புக்கு வெளியிலை விட்டவை, அன்ரி," என்றான். சிரிக்கத் தொடங்கியவன் சிரிப்பை முடிக்கவில்லை. தாயின் காலடியில் போய் உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்தான்.

நான் வாசித்தேன். முதல் பனியும் முதல் பல்லும் வந்த இடம். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலாம் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தினேன்.

"பேந்து?" என்றார் அக்கா.

பிறகு என்ன என்று, முன்பு மத்தியான மேசையில் நாங்கள் அவரைக் கேட்கிற கேள்வி அது. மூன்று கிழமைக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் சொல்லும் அதுதான். நான் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினேன்.

திரும்பி வருகிற வழியில் மகள் சிவப்பு விளக்கில் நிறுத்தியபோது, "ஆரணி ஆர் அம்மா?" என்று கேட்டாள். அவள் என்னோடு பாதி பிரெஞ்சில் கதைக்கிறவள். அன்று முழுத் தமிழில் கேட்டாள்.

"உன்ரை அக்கா," என்றேன்.

விளக்கு பச்சையாகியும் கார் நகரவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். வீட்டுக்குப் போய், முப்பது வருடமாகக் கதைக்காததை மூன்று பேரும் இருந்து கதைத்தோம். என் கணவர் அந்தச் சின்னச் சட்டைகளில் ஒன்றை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

செய்தி எப்படியோ பரவியது. கொப்பியை ஒருத்தியும் கொடுக்கவில்லை. ஆனால் தொலைபேசி வந்தது. "என்ரை தொண்ணூற்றாறு," என்று ஒருத்தி சொல்லிவிட்டு வைத்தாள். இன்னொருத்தி இருநூற்றி எழுபது. கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, கணவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, முந்நூற்றி ஐந்து என்றாள். கடைசியாக வந்ததும் பெரியதும் நானூற்றிப் பன்னிரண்டு. அதைச் சொன்னவள் எரித்துவிட்டதாகச் சொன்னவள்தான். எல்லா எண்களையும் அக்காவின் மகனிடம் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது வாசல் பலகை மாறியிருந்தது. தையல்காரி என்ற சொல்லை வெட்டவில்லை. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், நாவலாசிரியர், 412 நாவல்கள் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தான். அக்கா அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் நின்று எண்ணைத் தடவிப் பார்ப்பாராம்.

கொப்பி தராதவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அக்காவுக்குத் தங்கள் கதையை வாசித்துக் காட்டிவிட்டு, கொப்பியோடு திரும்பிப் போனார்கள். தான் எழுதியதென்று அக்காவுக்குச் சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. இல்லாத நாளில் இன்னும் நன்றாக ரசிப்பார்.

நானும் மகளும் ஞாயிறுதோறும் போனோம். போன பங்குனியில் ஏழாம் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அடுத்த மாதமே அக்கா போய்விடுவார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆரணி பஸ்ஸில் ஏறினாள், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் இருந்தாள். முற்றும் என்று வாசித்துக் கொப்பியை மூடினேன்.

"பேந்து?"

"அவ்வளவுதான் அக்கா. முடிஞ்சுது."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் இதை இப்பிடி எழுதினது? பிள்ளையை பஸ்ஸிலை ஏத்திப்போட்டு விட்டால் வாசிக்கிற சனம் என்ன செய்யிறது? பேந்து என்ன நடந்தது?"

கட்டிலின் மற்றப் பக்கத்தில் இருந்த என் மகள் அக்காவின் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்தாள்.

"பேந்து அவவுக்கு ஒரு தங்கச்சி பிறந்தவ," என்றாள்.